போய் வருகிறவர்களா, தங்கியிருக்கிறவர்களா?

வேதபாடம்

வேதபகுதி: யாத்திராகமம் 2:15-22, 3:1, எண்ணாகமம் 10:29-32, எசேக்கியேல் 3:14-17



நம் தர்மபுரி மாவட்டத்து மலைக் கிராமம் ஒன்றுக்கு ஒருநாள் சில சகோதரர்களோடு ஊழியத்திற்குப் போயிருந்தேன். காலையில் வேனில் ஏறினோம். பாட்டுப் பாடினோம், கைப்பிரதி கொடுத்தோம், ஜெபித்தோம். நாலு மணிக்கெல்லாம் இறங்கி வந்துவிட்டோம். 'இன்று முந்நூறு கைப்பிரதி' என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

வேன் கிளம்பும்போது ஒரு பாட்டி ஜன்னல் பக்கத்தில் வந்து நின்றார்கள். "வர்றீங்க, காயிதம் குடுக்கறீங்க, போயிடறீங்க. ஒரு ராத்திரி தங்கிப் பாத்தாத்தானே சாமி எங்க கஷ்டம் தெரியும்?" என்றார்கள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. அந்தக் கேள்வியோடு வேதத்தைத் திறந்தபோது ஆண்டவர் எனக்கு உணர்த்தினதையே இங்கே எழுதுகிறேன்.

1. மோசே வனாந்தரத்தில் கற்றுக்கொண்டான்

'வனாந்தரம்' என்றதும் நமக்கு அடர்ந்த காடு ஞாபகத்திற்கு வரும். வேதத்தில் பெரும்பாலும் அது மழை குறைந்த, ஆடு மேய்ச்சலுக்கு மட்டும் உதவுகிற வறண்ட வெளி. மோசே தப்பிப் போன மீதியான் அப்படிப்பட்ட தேசம்.

அவன் பார்வோன் வீட்டில் வளர்ந்தவன், எகிப்தியரின் சகல சாஸ்திரங்களிலும் தேறினவன் (அப். 7:22). எகிப்தியருக்கோ மேய்ப்பர் என்றாலே அருவருப்பு (ஆதி. 46:34). கிணற்றண்டையில் அவனைக் கண்ட பெண்களும் தகப்பனிடத்தில் ஒரு எகிப்தியன் உதவினான் என்றுதான் சொன்னார்கள் (யாத். 2:19). பார்த்த உடனே அந்நியன் என்று தெரிந்தது!

அப்படிப்பட்டவன் அங்கே ஆடு மேய்த்தான். அவர்கள் அப்பத்தைச் சாப்பிட்டான், அவர்கள் வீட்டுப் பெண்ணை விவாகம் செய்தான். ஒருநாள் இரண்டுநாள் அல்ல, 40 வருஷம்! (அப். 7:30). எந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கும், எங்கே புல் முளைக்கும் என்பதெல்லாம் அரண்மனையில் சொல்லித் தருகிற பாடமா? பின்பு இஸ்ரவேலரை நடத்தினதும் வனாந்தர வழியாகத்தானே!

இன்னொன்றையும் கவனியுங்கள். மேகஸ்தம்பம் முன்னே போகிறது. அப்படியிருந்தும் மோசே, மீதியானனாகிய ஓபாபைத் தங்களோடே வரும்படி வருந்திக் கேட்கிறான், வனாந்தரத்தில் பாளயமிறங்கும் இடங்கள் உனக்குத் தெரியுமே, நீ எங்களுக்குக் கண்களாயிரு என்கிறான் (எண். 10:31). அபிஷேகம் உள்ளவன் உள்ளூர்க்காரனிடம் கேட்டுக் கற்றுக்கொள்ள வெட்கப்படவில்லை. நாமோ மலைக்குப் போனால் பேசுவதற்கு மட்டுமே வாயைத் திறக்கிறோம்!

2. கோபி பாலைவனத்தில் மூன்று சகோதரிகள்

சீன உள்நாட்டு மிஷனைச் சேர்ந்த மில்ட்ரெட் கேபிள், ஈவா பிரெஞ்ச், பிரான்செஸ்கா பிரெஞ்ச் என்னும் மூன்று இங்கிலாந்து சகோதரிகள் சீனாவில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தை நல்லபடியாக நடத்திவந்தார்கள். 1923-ல் அதைவிட்டு, வடமேற்கே கோபி பாலைவனத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். அப்போது மூவரில் இளையவருக்கே வயது 45. 'இந்த வயதில் எதற்கு?' என்று நாம் கேட்டிருப்போம்.

சீன உடை உடுத்தி, கோவேறு கழுதை வண்டியில், ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணற்றுக்குப் பிரயாணம். வண்டிக்காரர்கள் தங்குகிற சத்திரங்களே அவர்களுக்கும் வீடு. பாலைவனச் சோலைகளில் இருந்த பெண்களோடு பேசுவதற்காக அந்த ஜனங்களின் உய்குர் பாஷையையும் கற்றுக்கொண்டார்கள். 1936 வரை அங்கே ஊழியம் செய்தார்கள். வீடுகளின் கதவு அவர்களுக்குத் திறந்தது, அவர்கள் திரும்பத் திரும்ப வந்ததினால்தான்.

3. எசேக்கியேல் முதலில் உட்கார்ந்தான்

எசேக்கியேல்மேல் கர்த்தருடைய கரம் பலமாக இருந்தது. ஆவி அவனை எடுத்துக்கொண்டு போனது. போனவன் உடனே பிரசங்கம் பண்ணினானா? இல்லை. கேபார் நதியண்டையில் சிறைப்பட்டவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் தானும் ஏழுநாள் உட்கார்ந்தான். ஏழுநாள் முடிந்தபின்புதான் கர்த்தருடைய வார்த்தை உண்டாயிற்று. அதன்பின்தான் ஜாமக்காரன் என்கிற பொறுப்பு (3:15-17). நாம் இந்த வரிசையைத் தலைகீழாக்கி விட்டோம். முதல் நிமிஷமே ஜாமக்காரனாகி விடுகிறோம்; உட்காருவதற்கு நேரமில்லை!

4. நம் மாவட்டத்திலேயே ஒரு சாட்சி

தூரதேசம் எதற்கு? நம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்லிங்கி பள்ளத்தாக்கு இருக்கிறது. 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா என்னும் தம்பதியர் அங்கே குடியேறினார்கள். அவர்கள் மருத்துவர்களாகப் போனார்களே தவிர, பிரசங்கம் பண்ணப் போகவில்லை. ஓலைக் குடிசையில் வைத்தியம் ஆரம்பமானது. அந்த நாளில் அங்கே பிறந்த 1000 குழந்தைகளில் 147 பேர் ஒரு வயதுக்குள் மரித்துப்போனார்கள். அவர்கள் மலைவாழ் மக்களோடே தங்கி, அவ்வூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் எழுப்பினார்கள். இன்று அந்த மரண எண்ணிக்கை பல மடங்கு குறைந்திருக்கிறது. வைத்தியத்திற்கே இவ்வளவு பொறுமை வேண்டுமானால், நித்தியத்திற்கடுத்த ஊழியத்திற்கு எவ்வளவு வேண்டும்?

பிரியமானவர்களே, நாங்கள் மறுபடியும் அந்தக் கிராமத்திற்குப் போனோம். இந்த முறை மூன்று இரவு தங்கினோம். விடிவதற்கு முன்னே பெண்கள் குடம் எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு நடக்கிறதைப் பார்த்தோம். நாங்களும் குடம் தூக்கினோம். பெரியவர்களில் அநேகருக்கு வாசிக்கத் தெரியாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அந்த முந்நூறு கைப்பிரதி என்னவாயிருக்கும், நீங்களே யோசியுங்கள்! இத்தனை பேர் மனந்திரும்பினார்கள் என்று எழுத என்னிடம் கணக்கு இல்லை. ஆனால் இரண்டாம் இரவில் அந்தப் பாட்டி, பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருஷக்கணக்காய்த் திரும்பாத தன் மகனைப்பற்றிச் சொல்லி அழுதார்கள். "உங்க சாமிகிட்ட அவனுக்காகக் கேளுங்க" என்றார்கள். முதல்நாள் வேன் ஜன்னலில் அது கிடைத்திருக்குமா?

நம் ஆண்டவரும் பரலோகத்திலிருந்து கைப்பிரதி அனுப்பவில்லை. மாம்சமாகி நமக்குள்ளே வாசம்பண்ணினார் (யோவான் 1:14). நாசரேத்தில் ஏறக்குறைய 30 வருஷம் நம்மைப்போல வாழ்ந்தபின்பே ஊழியத்தைத் தொடங்கினார். அல்லேலூயா!

வீட்டு ஜெபக்கூட்டத்தில் சிந்திக்க:

1. நீ வருஷத்திற்கு ஒருமுறை போய்வருகிற இடம் எது? அங்கே யாருடைய பெயராவது உனக்குத் தெரியுமா?

2. அவர்களிடம் நீ கற்றுக்கொள்ள வேண்டியது என்ன?

3. இந்த வருஷம் ஒரு இரவாவது அங்கே தங்க உன்னை ஒப்புக்கொடுப்பாயா?

ஜெபம்: ஆண்டவரே, அவசரமாய்ப் போய் அவசரமாய்த் திரும்பின எங்களை மன்னியும். ஜனங்கள் உட்காருகிற இடத்தில் உட்காருகிற கிருபையைத் தாரும். ஆமென்.