மனச்சோர்வை ஆய வரும் தம்பி தங்கைகளுக்கு

முதுகலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ மனச்சோர்வைத் தலைப்பாக எடுக்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த வினாத்தாளைப் பயன்படுத்தலாம் என்பதைத்தான். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சோர்ந்திருக்கும் ஆளை மட்டும் பார்க்கப் போகிறீர்களா, அவர் யாரோடு வாழ்கிறாரோ அவர்களையும் சேர்த்தா? சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கீழே சொல்வதெல்லாம் அதிலிருந்து வருவது.

1. கேள்வியை யார் வாசிக்கிறார் என்று கவனியுங்கள். பி.எச்.கியூ-9 என்ற வினாத்தாள் 2001இல் வெளிவந்தது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தைத் தொட்டால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். அதன் மலாய் வடிவம் இங்கே மலேசியாவில் சரிபார்க்கப்பட்டுப் புழக்கத்தில் இருக்கிறது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஓர் அம்மாவிடம் அந்தத் தாளைக் கொடுத்தால் என்ன நடக்கும்? பக்கத்தில் இருக்கும் மருமகள் வாங்கி வாசித்துச் சொல்வார். செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்ற ஒன்பதாவது கேள்வியையும் அவரே கேட்பார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று அம்மா சொல்ல, தாளில் பூஜ்யம் விழும். அந்தப் பூஜ்யத்தை அந்த அம்மாவின் மனநிலை என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள். நீங்களே தமிழில், தனியாக, நிதானமாகக் கேட்க முடியாவிட்டால் அந்தத் தாளை ஆய்வில் சேர்க்க வேண்டாம்.

2. அடக்கிக்கொள்வது எல்லாம் ஒன்றல்ல. உணர்ச்சியைக் கையாளும் விதங்களை அளக்க ஜேம்ஸ் கிராசும் ஆலிவர் ஜானும் 2003இல் தந்த பத்துக் கேள்விகளைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஆறு கேள்வி, நடந்ததை வேறு விதமாக எண்ணிப் பார்த்து மனதை ஆற்றிக்கொள்வதைப் பற்றியது. நான்கு கேள்வி, உள்ளே இருப்பதை வெளியே காட்டாமல் அடக்குவதைப் பற்றியது. அமெரிக்காவில் எடுத்த கணக்கில், அடக்குகிறவர்களுக்கு நெருக்கமான உறவுகள் குறைவு, சோர்வு அதிகம். அந்த முடிவை அப்படியே கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குக் கொண்டுவந்து இறக்கிவிடக்கூடாது. எமிலி பட்லரும் கிராசும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆசியப் பண்பாட்டு விழுமியங்களைக் கொண்ட பெண்களிடம் அடக்குதலின் கெடுதல் குறைவாகத்தான் தெரிந்தது. 2011இல் ஹாங்காங் சீனர்களை வைத்துச் செய்த ஒப்பீட்டிலும், அங்கே அடக்குதலுக்கும் மனநலக் குறைவுக்கும் தொடர்பு காணப்படவில்லை.

அதற்காக, நம்மவர்களுக்கு அடக்குவது நல்லது என்று எழுதிவிடாதீர்கள். அது இன்னும் பெரிய ஆபத்து. கிள்ளானில் இரண்டு பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி, மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, இன்றைக்குச் சண்டை வேண்டாம் என்று கோபத்தை விழுங்குகிறாள். மற்றவள், வாயைத் திறந்தால் அடி விழும் என்று விழுங்குகிறாள். வினாத்தாளில் இரண்டு பேரும் ஒரே கட்டத்தில்தான் புள்ளடி போடுவார்கள். யாருக்காக அடக்கினாய், அடக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்ற இரண்டு கேள்வியை நீங்கள்தான் கூடுதலாகக் கேட்க வேண்டும். முதல் பெண்ணுக்கு அது அவளே எடுத்த முடிவு. இரண்டாவது பெண்ணுக்குத் தேவைப்படுவது பாதுகாப்பு. உணர்ச்சியைக் கையாளும் பயிற்சியெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வேறுபாட்டைக் கண்டு சொல்லாத ஆய்வால் நம் பெண்களுக்கு ஒரு பயனும் இல்லை.

3. கணவன் மனைவி இருவரையும் கேளுங்கள், தனித்தனியே கேளுங்கள். ஜில் ஹூலியும் ஜான் டீஸ்டேலும் 1989இல் வெளியிட்ட ஆய்வு சிறியது, 39 நோயாளிகள்தான். மனச்சோர்வுக்கு மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற அவர்களிடம், உங்கள் துணை உங்களை எவ்வளவு குறை சொல்கிறார் என்று ஒரே ஒரு கேள்வி. அடுத்த ஒன்பது மாதத்தில் யாருக்குச் சோர்வு திரும்பும் என்பதை, நீண்ட குடும்பப் பேட்டியைவிட அந்த ஒற்றைக் கேள்வி நன்றாகக் காட்டியது. வீட்டில் காதில் விழுகிற சொல்லுக்கு அவ்வளவு வலு. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1950களிலேயே நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை கொடுக்கத் தொடங்கியது இதனால்தான் மதிக்கத்தக்கது.

பிளாட் வீட்டில் தனி அறை கிடைக்காது. வரவேற்பறையில் பேசுவது சமையற்கட்டில் கேட்கும். கோயில் மண்டபம், கூட்டம் இல்லாத நேரத்துச் சாப்பாட்டுக் கடை, அரசாங்க கிளினிக்கில் ஒரு காலி அறை என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். கணவர் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை என்றால் அவருடைய ஓய்வு நாளுக்குக் காத்திருங்கள். ஆண்களை விட்டுவிட்டுப் பெண்களை மட்டும் கேட்டு முடிப்பது சுலபம். அதனால்தான் நம் ஆண்களின் சோர்வு இன்னும் குடிப்பழக்கம் என்ற பெயரிலேயே கிடக்கிறது.

4. இடம் மாறிய வரலாற்றைக் கேளுங்கள். ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆய்ந்து 1978இல் வெளியிட்ட நூலில், மனம்விட்டுப் பேச நெருக்கமான துணை இல்லாத பெண்களை ஓர் இழப்பு எளிதில் மனச்சோர்வில் தள்ளுகிறது என்று காட்டினார்கள். நம் கதையோடு சேர்த்து அதைப் படியுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலமானபோது லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு வந்தன. லயத்தில் மாலையில் வாசலில் உட்கார்ந்தால் பேச்சுத்துணைக்கு நாலு பேர் இருந்தார்கள். மாடி வீட்டில் கதவு சாத்தியிருக்கிறது. அதே வாசலில் வம்பும் சாதிப் பேச்சும் இருந்தன என்பதையும் மறைக்காதீர்கள். எது போனதால் சோர்வு வந்தது, எது போனதால் நிம்மதி வந்தது என்று அந்தப் பெண்களே சொல்லட்டும். இந்தத் தலைப்பை யாராவது கையில் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

5. புள்ளிவிவரத்தின் கருவியைப் பாருங்கள். மலேசியத் தேசியச் சுகாதார ஆய்வு 2015இல் பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் என்றது. 2019இல் மனச்சோர்வு 2.3 விழுக்காடு, 2023இல் 4.6. முதல் எண் வேறு கருவியால், வேறொன்றை அளந்தது. மூன்றையும் ஒரே வரியில் அடுக்கி ஏறியது, இறங்கியது என்று எழுதாதீர்கள்.

6. நெருக்கம் எப்போதும் மருந்து அல்ல. அமாண்டா ரோஸ் 2002இல் காட்டியது இது: தோழிகள் ஒரே துன்பத்தைத் திரும்பத் திரும்பப் பேசும்போது நட்பும் இறுகுகிறது, சோர்வும் கூடுகிறது. அக்கா தங்கைகள் இரவெல்லாம் அனுப்பிக்கொள்ளும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளில் இதைத் தேடலாம். யாரிடம் பேசினாய் என்பதோடு நிறுத்தாமல், பேசிய பிறகு மனம் எப்படி இருந்தது என்றும் கேளுங்கள்.

7. பி.எச்.கியூ-9இன் ஒன்பதாவது கேள்விக்கு அன்றே பதில் வேண்டும். பூஜ்யத்துக்கு மேல் குறித்த தாளை மாதக் கடைசியில் கணினியில் ஏற்றும்போது பார்த்தால் தாமதம். அவர் எழுந்து போவதற்கு முன் பாருங்கள், உட்காரவைத்துப் பேசுங்கள், உங்கள் மேற்பார்வையாளரை அழையுங்கள். சிகிச்சை கொடுக்க முயல வேண்டாம். ஆலோசகர் சட்டம் 1998இல் வந்தது, பதிவு பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் வேலை. 1970 முதல் இயங்கும் கோலாலம்பூர் பிப்ரெண்டர்ஸின் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் 15555 ஆகிய உதவி எண்களை எழுதியே கையில் கொடுங்கள். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் பயந்து வாய் திறக்காத வீடுகளுக்கு இதைச் சொல்லுங்கள். இந்த ஏற்பாடு ஒன்றும் இல்லாமல் வினாத்தாளோடு யார் வீட்டுப் படியும் ஏறாதீர்கள்.

8. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. லோரி ஓட்டுநரின் மனைவி, மூன்று பெண் பிள்ளைகள், இன்ன கோயிலுக்குப் பக்கத்துத் தாமான் என்று எழுதினால் கிள்ளானில் பாதிப் பேருக்கு ஆள் தெரிந்துவிடும். தொழிலையும் பிள்ளைகள் கணக்கையும் இடத்தையும் எடுத்துவிடுங்கள்.

9. முடிவை அவர்களிடம் திருப்பிக் கொடுங்கள். கட்டுரை ஆங்கில இதழில் வரும், உங்களுக்குப் பட்டமும் வரும். பேசிய அம்மாக்களுக்கு ஒன்றும் வராது. இரண்டு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி, தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்திலோ வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கோயில் மண்டபத்திலோ நின்று வாசித்துக் காட்டுங்கள். கேள்வி கேட்பார்கள், மறுத்தும் பேசுவார்கள். அதையும் குறித்துக்கொண்டு வந்து அடுத்த ஆய்வில் சேர்த்துக்கொள்ளுங்கள்.