சுவைத்து அறிவோம், ஆராய்ந்து தெளிவோம்



பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு முதல் நாள், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "ஐயா, இதைக் குடித்தால் ஓட்டத்தில் முதலாவதாக வரலாமா?" என்று வினவினான். அவன் கையில் மாம்பழப் படம் பொறித்த ஆற்றல் பான டின் ஒன்று இருந்தது. "கூடாது" என்று கூறி வாங்கி வைத்திருக்கலாம். ஆயினும், காரணம் அறியாத மறுப்பு நெடுநாள் நில்லாது. ஆகவே, அதனை வகுப்பிலேயே ஆராய்ந்தோம். பருகியவன் நான் மட்டுமே.

ஒரு பானத்தை மதிப்பிடக் கண், மூக்கு, நா, அறிவு ஆகிய நான்கும் துணை செய்ய வேண்டும்.

கண்: பானத்தைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றினோம். மாம்பழச் சாறு கலங்கலாய் இருக்கும். இதுவோ தெளிந்த மஞ்சள் நீராய் நுரைத்தது.

மூக்கு: மணம் மாம்பழத்தையே நினைவூட்டியது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மிடறு பருகினேன். மாம்பழம் மறைந்தது, இனிப்பும் புளிப்புமே எஞ்சின. பழச்சுவை என நாம் கருதுவதில் பெரும்பகுதி, வாயிலிருந்து தொண்டை வழியாக மூக்கிற்கு ஏறும் மணமே ஆகும்.

நா: குளிர்ந்திருந்தபோது இனிப்பு அளவாய்த் தோன்றியது. குளிர் நீங்கியதும் அதே பானம் திகட்டியது. குளிர்ச்சி இனிப்பைக் குறைத்துக் காட்டும் இயல்புடையது. இறுதியில் மெல்லிய கசப்பொன்று நாவில் நின்றது. காஃபின் கசப்புச் சுவையுடையது என்பதை நினைவிற்கொள்க.

அறிவு: டின்னில் அச்சிட்டிருந்ததை மாணவர் உரக்கப் படித்தனர். 'பெரிசா' என்னும் மலாய்ச்சொல் அங்கிருந்தது. அது சுவையூட்டியைக் குறிக்கும். பழச்சாறு என்பதற்கான சொல்லே காணப்படவில்லை. 100 மில்லிலிட்டரில் சீனி 11 கிராம். காஃபின் 32 மில்லிகிராம். டின்னின் கொள்ளளவோ 250 மில்லிலிட்டர். எனவே, மொத்தச் சீனி 27.5 கிராம், காஃபின் 80 மில்லிகிராம். அவ்வளவு சீனியை நிறுத்துத் தட்டில் கொட்டியபோது வகுப்பே வியந்தது.

2 முதல் 18 வயதினர்க்குச் சேர்க்கப்பட்ட சீனி நாளொன்றுக்கு 25 கிராமுக்குக் குறைவாகவே இருத்தல் வேண்டுமென 2016-இல் அமெரிக்க இருதயச் சங்கம் அறிவுறுத்தியது. சிறுவர்க்குக் காஃபின், உடல் எடையின் ஒரு கிலோவிற்கு 3 மில்லிகிராம் வரையே கவலைக்கு இடமற்றது என 2015-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கூறியது. அம்மாணவனின் எடை 25 கிலோ. அவனுக்குரிய எல்லை 75 மில்லிகிராம். ஒரே டின் இவ்விரு எல்லைகளையும் கடந்துவிடுகிறது! மேலும், காஃபின் களைப்பை மூளைக்கு மறைக்குமேயன்றிப் போக்காது.

நம் தீர்ப்பு இதுவே: மணம் நன்று, சுவை இனிது, பழம் இல்லை, சிறுவர்க்கு ஏற்றதன்று.

மறுநாள் அம்மாணவன் வாழைப்பழம் உண்டு, தண்ணீர் பருகி ஓடினான். மூன்றாவதாகவே வந்தான். எனினும், டின்னின் படத்தை நம்பாமல் எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டான். அவ்வெற்றி பெரிதன்றோ!

செய்து பார்க்க: மூக்கைப் பொத்திக்கொண்டு பழ மிட்டாய் ஒன்றைச் சுவையுங்கள். பின்னர்க் கையை எடுங்கள். கண்ட வேறுபாட்டை ஐந்து வாக்கியங்களில் எழுதுங்கள்.