நாலு சக்கரமும் இழுத்தால் போதுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகன் குருகிராமிலிருந்து வந்திருந்தான். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் கோடு போட்டு, கார்களின் பெயர், விலை, மைலேஜ் எல்லாம் எழுதி வைத்திருந்தான். இப்போது அவனிடம் இருப்பது ஒரு சின்னக் கார். மனைவி, இரண்டு குழந்தைகள், என் அக்கா என்று ஐந்து பேர் ஏறினால் மூச்சு முட்டுகிறது. பெரிய வண்டி வாங்குவது என்று தீர்மானமாகிவிட்டது.

“மாமா, பின்சக்கர டிரைவா, ஆல் வீல் டிரைவா? அது ஒன்றுதான் பாக்கி. நாலு சக்கரத்துக்கும் சக்தி போனால் பாதுகாப்பு கூடுதல்தானே? குழந்தைகள் இருக்கிறார்களே என்று பார்க்கிறேன்” என்றான்.

முப்பது வருஷத்துக்கு மேல் டெல்லியில் ஓர் அரசாங்க வாகனப் பணிமனையில் காலம் தள்ளியவன் நான். அதனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. சங்கக் கூட்டம் முடிந்து காபி குடிக்கும் நேரத்தில், அதுவும் குளிர்காலம் நெருங்கும்போது, யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. மருமகனுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் வகைகளைப் பிரித்துக்கொள்வோம். நம்மில் வயதானவர்கள் ஓட்டப் பழகிய அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் பின்சக்கர வண்டிகள். இன்ஜின் முன்னால், அங்கிருந்து ஒரு நீண்ட புரொப்பல்லர் ஷாஃப்ட் வண்டிக்கடியில் ஓடிப் பின் ஆக்ஸிலைச் சுற்றும். 1983இல் மாருதி 800 வந்தது. முன்சக்கரம் இழுக்கும் வண்டி. ஷாஃப்ட் கிடையாது, எடை குறைவு, உள்ளே இடம் தாராளம். அதன் பிறகு சின்னக் கார்களில் அநேகமாக எல்லாமே அந்த வழிக்குப் போயின. ஆனால் பாரம் சுமக்கிற வண்டிகள் பின்சக்கரத்தை விடவில்லை. பொலேரோ, ஸ்கார்ப்பியோ, இன்னோவா கிரிஸ்டா, மாருதி ஈகோ எல்லாம் பின்சக்கரம்தான். பஸ், லாரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நாலு சக்கரத்திலும் இரண்டு ஜாதி உண்டு. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஒன்று ஃபோர் பை ஃபோர்: ஜிப்ஸி, தார், ஸ்கார்ப்பியோ-என் போன்றவை. சாதாரணமாக இது பின்சக்கர வண்டியாகவே ஓடும். வேண்டும்போது டிரைவர் ஒரு லீவரையோ பித்தானையோ இயக்கினால் முன் ஆக்ஸிலும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். மற்றது ஆல் வீல் டிரைவ். 2012இல் வந்த டஸ்டர், 2021இல் வந்த எக்ஸ்யூவி 700, 2022இல் வந்த கிராண்ட் விட்டாரா ஆகியவற்றின் சில மாடல்களில் இது கிடைத்தது. இவை அடிப்படையில் முன்சக்கர வண்டிகள். முன்சக்கரம் வழுக்கினால் நடுவிலுள்ள ஒரு கிளட்ச் தானாகவே இறுகிப் பின்சக்கரத்துக்கும் சக்தியைப் பங்கிட்டுக் கொடுக்கும். டிரைவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

மருமகனின் நோட்டில் ஒரே வண்டியின் பின்சக்கர மாடலும் ஃபோர் பை ஃபோர் மாடலும் அடுத்தடுத்து இருந்தன. லட்சக்கணக்கில் விலை வித்தியாசம். “மழையில் குருகிராம் ரோட்டில் இது உதவும் இல்லையா?” என்றான். உதவாது. காரணம் இருக்கிறது. வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வளையத்தில் போகும், பின்சக்கரங்கள் சின்ன வளையத்தில் போகும். இரண்டு ஆக்ஸிலையும் பூட்டிவிட்டால் அந்த வித்தியாசத்தை எங்காவது தீர்த்தாக வேண்டும். மணலிலும் பனியிலும் டயர் கொஞ்சம் சறுக்கித் தீர்த்துக்கொள்ளும். கெட்டித் தாரில் சறுக்க முடியாது. ஷாஃப்டும் கியர்களும் முறுக்கிக்கொண்டு முனகும், நாளடைவில் உடையும். ஆகவே ஃபோர் பை ஃபோர் வாங்கினவரும் ஊருக்குள் பின்சக்கரத்தில்தான் ஓட்ட வேண்டும். கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய சாமான் வருஷத்தில் முந்நூற்று அறுபது நாள் சும்மா தொங்கிக்கொண்டு வரும்.

சரி, சாலை ஈரமாக இருந்தாலும் எப்போதும் வேலை செய்யும் ஆல் வீல் டிரைவ் வேண்டுமே என்றால், அதற்கு ஒரு சின்னக் கணக்கு. பள்ளிப் பிள்ளைகளும் போட்டுப் பார்க்கலாம்.

ஆட்களோடு சேர்த்து வண்டியின் எடை 2000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி, 1000 கிலோ, பின்சக்கரத்தின் மேல் இருக்கிறது. டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பு, காய்ந்த தாரில் எடையில் சுமார் 0.7 பங்கு, நனைந்த தாரில் 0.5, மிதித்து இறுகிய பனியில் 0.2, கண்ணாடி மாதிரி உறைந்த பனிக்கட்டியில் 0.1 தான். பத்தடி போனால் ஓரடி ஏறுகிற சரிவில் இந்த வண்டியை மேலே தள்ள 200 கிலோ விசை வேண்டும். நனைந்த சாலையில் பின்சக்கரம் மட்டும் தரக்கூடியது 500 கிலோ. தேவைக்கு இரண்டரை மடங்கு. டெல்லியில் எந்த மேம்பாலமும் அவ்வளவு செங்குத்தும் இல்லை. பனியில்? 1000 கிலோவில் 0.2 பங்கு, 200 கிலோ. தேவையும் அதுதான். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. நாலு சக்கரமும் உழைத்தால் 400 கிலோ கிடைக்கும், ஜம்மென்று ஏறிவிடும். அந்த இடத்தில் ஆல் வீல் டிரைவின் பெருமையில் சந்தேகமே இல்லை.

இப்போது இறங்குகிற கணக்கு. பிரேக் எந்தக் காரிலும் நாலு சக்கரத்திலும் இருக்கிறது. முன்சக்கரமோ, பின்சக்கரமோ, ஆல் வீலோ, பனியில் நிறுத்துவதற்குக் கிடைப்பது அதே 400 கிலோதான். அதில் 200 கிலோவைச் சரிவே தின்றுவிடும். 40 கிலோமீட்டர் வேகத்தில் காய்ந்த சமதளத்தில் ஒன்பது மீட்டரில் நிற்கிற வண்டி, பனிச் சமதளத்தில் நிற்க 31 மீட்டருக்கு மேல் ஆகும். அந்தச் சரிவில் 63 மீட்டர். உறைந்த பனிக்கட்டியாக இருந்தால் பிடிப்பும் 200, சரிவின் இழுப்பும் 200. வண்டி நிற்கவே நிற்காது. டிரைவர் பிரேக்கை மிதிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை நான் இதில் சேர்க்கவில்லை.

இந்தக் கணக்கை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனாலும் புத்தி வந்தது 2019 ஜனவரியில்தான். நண்பர் ஒருவரின் ஆல் வீல் டிரைவ் வண்டியில் நாங்கள் நாலு பேர் சிம்லாவிலிருந்து குஃப்ரி போனோம். என் மனைவியும் அக்காவும் பின்னால். நான்தான் ஓட்டினேன். முந்தின நாள் பனி பெய்திருந்தது. ஏறும்போது ஓரத்தில் டாக்ஸிகள் சக்கரம் சுழன்று நின்றுகொண்டிருந்தன. ஆட்கள் இறங்கித் தள்ளினார்கள். நாங்கள் அலுங்காமல் போனோம். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம். மாலை திரும்பும்போது வெயிலே படாத ஒரு வளைவு. தார் கறுப்பாகத்தான் தெரிந்தது, மேலே மெல்லிய பனிக்கட்டி. பிரேக்கை மிதித்தேன். காலுக்கடியில் ஏபிஎஸ் படபடவென்று அடித்ததே தவிர வேகம் குறையவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், வண்டி நேரே போயிற்று. நல்ல வேளையாக அது மலைப் பக்கம். ஓரத்தில் குவித்திருந்த பனியில் முட்டி நின்றோம். எதிர்ப்பக்கம் போயிருந்தால் பள்ளம். என் அக்கா ரொம்ப நேரம் ஒன்றுமே பேசவில்லை. தப்பு வண்டி மேல் இல்லை. ஏறும்போது அது கொடுத்த தைரியத்தை இறக்கத்துக்கும் சேர்த்து வைத்துக்கொண்டது நான்தான்.

நாங்கள் நின்றுகொண்டிருக்கையில் ஒரு பழைய பொலேரோ வந்தது. வெறும் பின்சக்கர வண்டி. பின் டயர்களில் சங்கிலி, முதல் கியர், நடக்கிற வேகம். டிரைவர் கண்ணாடியை இறக்கி, “பஹ்லா கியர், சாப், பஹ்லா கியர்” என்று சொல்லிவிட்டு எங்களைக் கடந்து போனார்.

திருவாரூர்ப் பக்கத்தில் பிறந்தவன் நான். தேர் வடம் பிடிக்க எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவன் முகத்தைத்தான் பெரியவர்கள் பார்ப்பார்கள். மருமகனிடம் இதைச் சொன்னதும் சிரித்தான், ஆனால் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டான்.

காரில் முட்டுக்கட்டை டயர்தான். டயர்ப் பள்ளங்களுக்கு நடுவே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சின்னச் சின்ன மேடு இருக்கும். தேய்ந்து அந்த அளவுக்கு வந்தால் மாற்றியே ஆக வேண்டும். மழைக்காலத்தை நினைத்தால் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது. பள்ளம் ஆழமாக இருந்தால்தான் தண்ணீர் வெளியேறும். இல்லாவிட்டால் டயர் தண்ணீரின் மேல் மிதக்கும். நாலும் மிதந்தால் ஆல் வீல் டிரைவ் என்ன செய்யும்? குளிர் விஷயமும் இருக்கிறது. நம் ஊர் டயர் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்க ஆரம்பித்துவிடும். மலைக்குப் போகிறவர்கள் சங்கிலி கட்டுவது இதனால்தான். பின்சக்கர வண்டிக்குப் பின் டயரில், முன்சக்கர வண்டிக்கு முன் டயரில் கட்ட வேண்டும். ஆல் வீல் வண்டிக்கு எங்கே என்று கம்பெனிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சக்கர வண்டியிலும் குறை இல்லாமல் இல்லை. ஈரமான வளைவில் ஆக்ஸிலேட்டரை முரட்டுத்தனமாக மிதித்தால் வால் பக்கம் வெளியே வீசும். பழைய அம்பாசடர்க்காரர்களுக்கு இது தெரியும். இப்போது மின்னணு நிலைநிறுத்தும் கருவி, இஎஸ்சி என்பார்கள், எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ அதைக் கண்டு பிரேக்கைத் தனித்தனியே பிடித்து வண்டியை நேராக்குகிறது. பின்சக்கர வண்டி வாங்குகிறவர்கள் இது இல்லாத மாடலை வாங்கவே கூடாது என்பேன். இருந்தால் பின்சக்கரத்தின் நல்ல குணங்கள் தெரியவரும். ஸ்டியரிங் லேசாக, இழுப்பு இல்லாமல் இருக்கும். ஆள் ஏற ஏறப் பின்னால் பாரம் கூடிப் பிடிப்பும் கூடும். மேடேறும்போது எடை பின்னுக்குச் சாய்வதும் அனுகூலம். பேட்டரிக் கார்கள் வந்த பிறகு பின்சக்கரம் மறுபடி தலைதூக்கியிருப்பது இதனால்தான். 2024இல் வந்த மஹிந்திரா பிஇ 6 காரில் மோட்டார் பின்னால்தான். 2025இல் வந்த டாட்டா ஹாரியர் ஈவி பின்சக்கரமாகவும் கிடைத்தது, முன்னால் இன்னொரு மோட்டார் வைத்து நாற்சக்கரமாகவும் கிடைத்தது. நடுவில் ஷாஃப்ட் இல்லை.

ஆல் வீல் வண்டியை வைத்துக்கொள்கிற செலவை விற்பனை அறையில் யாரும் விவரமாகச் சொல்வதில்லை. கூடுதல் ஷாஃப்ட், கூடுதல் டிபரன்ஷியல், கிளட்ச் எல்லாம் சேர்த்து ஐம்பதிலிருந்து நூறு கிலோ வரை எடை ஏறும்; பெட்ரோலும் சற்று அதிகம் குடிக்கும். ஒரு டயர் பஞ்சராகிக் கிழிந்தால் அதை மட்டும் புதிதாக மாற்றக்கூடாது. புது டயரின் சுற்றளவு கொஞ்சம் பெரிது. அந்த வித்தியாசத்தை நடுக் கிளட்ச் ஓயாமல் சமாளித்துச் சூடாகும். இன்னொன்று டெல்லிவாசிகளுக்கு முக்கியம். தவறான இடத்தில் நிறுத்தினால் கிரேன் வந்து ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி மறு பக்கத்தை உருட்டிக்கொண்டு போகும். ஆல் வீல் வண்டிக்கு அது ஆகாது. தட்டையான லாரியில் முழுசாக ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

மருமகனுக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது: “ஆகஸ்டில் எங்கள் ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்குமே?” தண்ணீரில் வண்டி நிற்பது சக்கரம் வழுக்குவதால் அல்ல, இன்ஜினுக்குக் காற்று போகும் வாயில் தண்ணீர் நுழைவதால். அதற்கு வண்டியின் உயரம் வேண்டும். அதைவிட, திரும்பி வேறு வழியில் போகிற பொறுமை வேண்டும்.

அப்படியானால் யாருக்குத்தான் நாலு சக்கரம்? என்னோடு வேலை பார்த்த ஒருவரின் மகள் டாக்டர். குல்லுவில் வீடு, லாஹௌலில் கேலாங் பக்கம் வேலை. 2020இல் அடல் சுரங்கப் பாதை திறந்த பிறகு குளிர்காலத்திலும் போய் வருகிறாள். ஒன்பது கிலோமீட்டர் சுரங்கம் பிரச்சினையில்லை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள சாலைதான். பனி பெய்தால் சோலங்குக்கு மேல் ஃபோர் பை ஃபோர் வண்டிகளை மட்டுமே போலீஸார் விடுகிற நாட்கள் உண்டு. அவளுக்கு நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் ஃபோர் பை ஃபோர்தான் சொன்னேன்; லோ கியர் உள்ளதாகப் பார்க்கச் சொன்னேன். இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் இன்ஜினே பிடித்து இறக்க அந்த லோ கியர் உதவும். அவளுடைய வருஷத்தில் மூன்று நாலு மாதம் பனி. என் மருமகனுடைய வருஷத்தில் மூன்று நாலு நாள், அதுவும் லீவு கிடைத்தால்.

போன வாரம் போன் செய்தான். பின்சக்கர மாடலையே, இஎஸ்சி உள்ளதாக, பதிவு செய்துவிட்டானாம். மிச்சப் பணத்தில் ஒரு பகுதியை டயருக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறானாம். டிசம்பர் லீவுக்குச் சிம்லா போக, கால்காவிலிருந்து சின்ன ரயிலில் ஐந்து டிக்கெட் போட்டிருக்கிறான். அக்கா போனை வாங்கி, “தம்பி, அந்த வளைவு ரயிலில் வராது இல்லையா?” என்று கேட்டாள்.