எட்டாம் வகுப்புக்கு ஒரு விஞ்ஞானப் பாடத்திட்டம்



எட்டாம் வகுப்பில் படிக்கும்போது நான் ஒரு பெரிய தவறு செய்தேன். அதிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

தருமபுரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் என் அத்தை வீடு உள்ளது. அத்தை மகளின் முன்பற்களில் பழுப்பு நிறக் கோடுகள் உண்டு. சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக் கொள்வாள். போர் தண்ணீர்தான் காரணம் என்று ஊரார் கூறினார்கள். உடனே நான், “அத்தை, தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடுங்கள், ஒன்றும் செய்யாது” என்றேன். நுண்ணுயிர்கள் பாடத்தில் அப்படித்தான் படித்திருந்தேன். தேர்வில் அதற்கு முழு மதிப்பெண்ணும் பெற்றிருந்தேன். கான்வென்டில் படிக்கிற பெண் சொல்கிறாளே என்று அத்தையும் அன்று முதல் தன் கடைக்குட்டிக்குப் போர் தண்ணீரையே கொதிக்க வைத்துக் கொடுத்து வந்தார்கள்.

பற்களில் கறை உண்டாக்குவது கிருமி அன்று, புளோரைடு என்னும் உப்பு. பாறையிலுள்ள சில கனிமங்களிலிருந்து அது நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. இப்போது கணக்கைப் பாருங்கள். 1.5 மில்லிகிராம் அளவுள்ள பத்து லிட்டர் நீரில் 15 மில்லிகிராம் புளோரைடு இருக்கும். கொதித்துக் கொதித்து அது எட்டு லிட்டராகச் சுண்டினால் ஆவியாவது நீர் மட்டுமே. புளோரைடு அப்படியே தங்கிவிடும். லிட்டருக்கு ஏறக்குறைய 1.9 மில்லிகிராம் ஆகிவிடும்! நன்மை செய்வதாக எண்ணி நான் சொன்ன யோசனை தீமையையே கூட்டியது.

இதில் வேதனை யாதெனில், ஆவியாதலை பௌதிகப் பகுதியில் படித்திருந்தேன். கரைசலை இரசாயனப் பகுதியில் படித்திருந்தேன். பற்களை உயிரியலில் படித்திருந்தேன். மூன்றும் ஒரே புத்தகத்தில்தான் இருந்தன. ஆனால் என் தலைக்குள் அவை மூன்று வெவ்வேறு அலமாரிகளில் பூட்டிக் கிடந்தன. ஆகவே ஒருங்கிணைந்த விஞ்ஞானம் என்பது மூன்று புத்தகங்களை ஒரே அட்டைக்குள் தைப்பதன்று என்பதைப் புரிந்துகொண்டேன். எட்டாம் வகுப்புக்கு நானே ஒரு திட்டம் வரைந்து பார்த்தேன்.

ஏன் எட்டாம் வகுப்பு? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைதான் இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. அதற்கு மேல் படிக்காமல் நின்றுவிடும் பெண்களும் உண்டு. அவர்களுக்கு அதுவே கடைசி விஞ்ஞான வகுப்பு. ஒன்பதாம் வகுப்புக்கு ஆயத்தமாவது மட்டும் அதன் வேலையாக இருக்கக் கூடாது.

என் திட்டத்தில் ஜூன் முதல் காலாண்டுத் தேர்வு வரை ஒரே பொருள்தான்: தண்ணீர். முதல் நாள் ஒவ்வொரு மாணவியும் தன் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவர வேண்டும். சம அளவு நீரைச் சோதனைக் குழாய்களில் எடுத்துக்கொண்டு, நிலையான நுரை வரும்வரை எத்தனை சொட்டு சோப்புக் கரைசல் செலவாகிறது என்று எண்ணலாம். கடின நீர் அதிகச் சொட்டுகளை விழுங்கும். கால்சியம், மக்னீசியம் உப்புகளே அதற்குக் காரணம். அடுத்து ஒரு கரண்டி நீரைச் சுண்ட வைத்து, அடியில் தங்கும் வெள்ளைப் படிவைப் பார்க்க வேண்டும். இதை நான் எட்டாம் வகுப்பிலேயே பார்த்திருந்தால் அத்தைக்கு அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

பிறகு, இந்த நீர் மேலே வருவது எப்படி? மேலிருந்து உறிஞ்சும் பம்பினால் சுமார் 10 மீட்டருக்கு மேல் நீரை ஏற்ற இயலாது. ஏனெனில் காற்றழுத்தம்தான் நீரைத் தள்ளுகிறது. பம்பு உண்மையில் இழுப்பதில்லை. அதனால்தான் ஆழமான போர்களில் மோட்டாரையே உள்ளே இறக்குகிறார்கள். இங்கே அழுத்தம் பற்றிய பாடம் தானாகவே வந்து சேர்கிறது. அதன் பின்னரே கிருமிகளும் பற்களும். நிலைப்பற்கள் தாடைக்குள் உருவாகும் குழந்தைப் பருவத்தில் மிகுதியான புளோரைடு எனாமலைப் பாதிக்கிறது. முளைத்த பின் நீரை மாற்றினாலும் கறை போகாது. 1937-லேயே அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்நோயைக் கண்டறிந்து மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து புளோரைடைக் குறைக்கும் நல்கொண்டா முறையை உருவாக்கியதும் நம் நாட்டு நிறுவனமே, நாகபுரியில் உள்ள நீரி.

அரையாண்டு வரை சமையலறை. கடின நீரில் பருப்பு ஏன் வேகவில்லை, குக்கரில் ஏன் விரைவில் வேகிறது என்ற இரண்டு கேள்விகளுக்குள்ளேயே செல்சுவரும் கொதிநிலையும் வந்துவிடும். அதன் பிறகு ஏப்ரல் வரை மண்ணும் பயிரும். காந்தவியலை எங்கே வைப்பது என்று எவ்வளவோ யோசித்தும் எனக்கு இடம் கிடைக்கவில்லை. வலிந்து நுழைப்பதைவிடத் தனிப் பாடமாகவே விட்டுவிடலாம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று என் தோழி கேட்டாள். நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில், இன்று நர்மதாபுரம் எனப்படும் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் செய்முறை வழி விஞ்ஞானம் தொடங்கப்பட்டது. 1978-ல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. கிராமத்துப் பிள்ளைகள் வயலுக்கும் ஓடைக்கும் சென்று பாடம் படித்தார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே தேர்வெழுதினார்களாம்! வாசித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. 2002-ல் மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்திவிட்டது.

தேர்வுதான் பெரிய சிக்கல். ஒரு மதிப்பெண் வினாக்களை வைத்துக்கொண்டு இப்படிக் கற்பிக்க முடியாது. ஒரு வீட்டுத் தண்ணீரின் விவரத்தைக் கொடுத்து, ‘இதைக் குடிக்கலாமா, ஏன்?’ என்று கேட்டால் போதும்.

விஞ்ஞானிகளின் பாதுகாவலர் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1941-ல் அறிவித்த புனித பெரிய ஆல்பர்ட், கனிமங்களையும் செடிகொடிகளையும் விலங்குகளையும் ஒருவராகவே ஆராய்ந்தவர். (அவரும் தனித்தனி நூல்களாகத்தான் எழுதினார் என்று சிஸ்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்!)

சென்ற விடுமுறையில் அத்தையிடம் கணக்கைப் போட்டுக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கியது. அந்தக் குழாய் தெருமுனையில் இருந்தும், போர் வாசலிலேயே இருக்கிறதே என்று அத்தை அதையே பயன்படுத்தி வந்தார்கள். இப்போது குடிக்கவும் சமைக்கவும் தெருக்குழாய் நீர். துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் போர் நீர். கடைக்குட்டிக்கு நான்கு வயது. அவனுக்குப் புதிய முன்பற்கள் முளைக்க இன்னும் இரண்டு மூன்று வருடங்கள் இருக்கின்றன.