நகலெடுத்த சர்வருக்குத் தனி அடையாளம்

2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதற்குப் பிறகு இந்த ஊருக்குப் பிழைப்பு பெரும்பாலும் பெங்களூரில்தான். மாரிகுப்பத்தில் காலையில் கிளம்பும் ரயில்களில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு, வேலை தேடிப் போகிறவர்களும் உண்டு. சர்வர் நிர்வாக வேலைக்கான நேர்முகத்தில் சான்றிதழைவிடக் கைப்பழக்கம்தான் எடுபடும். அந்தப் பழக்கத்தை சுரங்க லைன் வீட்டிலிருந்தபடியே, ஒரு பழைய கம்ப்யூட்டரில் பெற்றுவிடலாம்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஆபீஸ்கள் கழித்த டெஸ்க்டாப்புகள் விற்கின்றன. 16 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி இருந்தால் நாலைந்து வர்ச்சுவல் மெஷின்கள் (விஎம்) தாராளமாக ஓடும். காசு கொடுப்பதற்கு முன் பயாஸுக்குள் போய், இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அது இல்லாத மெஷின் இந்த வேலைக்கு ஆகாது.

மென்பொருளுக்குச் செலவில்லை. வியன்னாவில் உருவாகி 2008-இல் வெளிவந்த ப்ராக்ஸ்மாக்ஸ், லினக்ஸின் கேவிஎம் நுட்பத்தில் ஓடுகிறது. பென்டிரைவில் ஏற்றி நிறுவினால், வீட்டிலுள்ள இன்னொரு கம்ப்யூட்டரின் பிரவுசரில் அந்த சர்வரின் ஐபி முகவரியையும் 8006 என்ற போர்ட்டையும் கொடுத்து எல்லா வேலையையும் பார்க்கலாம்.

முதலில் நெட்வொர்க். நிறுவும்போதே விஎம்பிஆர்0 என்ற பிரிட்ஜ் உருவாகி, நிஜ லேன் கார்டோடு இணைந்திருக்கும். இதில் மாட்டும் விஎம் ஒவ்வொன்றும் வீட்டு ரவுட்டரிடம் தனி ஐபி வாங்கிக்கொள்ளும். சர்வரைக் கண்டிப்பாக லேன் கேபிளில்தான் இணைக்க வேண்டும். வைஃபை ரவுட்டர் தன்னிடம் பதிவான மேக் முகவரியை மட்டுமே ஏற்கும். அதன் பின்னால் ஒளிந்திருக்கும் விஎம்களுக்கு வழிவிடாது. கல்லூரி, ஹாஸ்டல் நெட்வொர்க்குகளிலும் ஒரே போர்ட்டில் பல மேக் முகவரிகள் வந்தால் தடுத்துவிடுவது உண்டு. அங்கே பிரிட்ஜுக்குப் பதில், விஎம்கள் எல்லாம் சர்வரின் ஒரே முகவரியில் வெளியே போகும் நாட் முறையே கைகொடுக்கும்.

அடுத்து விஎம்பிஆர்1 என்று இன்னொரு பிரிட்ஜ். பிரிட்ஜ் போர்ட்ஸ் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டு, மாற்றங்களை அப்ளை செய்ய வேண்டும். இது உள்ளுக்குள் மட்டும் ஓடும் நெட்வொர்க். டேட்டாபேஸ் விஎம்மை இதில் மட்டும் மாட்டி 10.10.10.20 என்று முகவரி கொடுக்கலாம். வெப் சர்வருக்கு இரண்டு கார்டு: ஒன்று வெளியே பார்க்க, இன்னொன்று 10.10.10.10 என்று உள்ளே பேச. பெரிய நிறுவனங்களிலும் டேட்டாபேஸை இப்படித்தான் வெளியுலகின் கண்ணில் படாமல் வைக்கிறார்கள்.

இனி ஒரு விஎம்மிலிருந்து மற்றவற்றை நகலெடுப்பது. பெரும்பாலோர் வழுக்கி விழும் இடம் இது. உபுண்டு சர்வரை ஒரு விஎம்மில் நிறுவி, அப்டேட் செய்து, அப்படியே க்ளோன் எடுத்தால் இரண்டுக்கும் ரவுட்டர் ஒரே ஐபியைக் கொடுத்துவிடும். ஒன்றில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்து, மறுபடி நுழைந்தால் இன்னொன்றில் போய் நிற்கும். ப்ராக்ஸ்மாக்ஸ் ஒவ்வொரு க்ளோனுக்கும் புதிய மேக் முகவரி தந்துவிடுகிறதே, பிறகு ஏன்? உபுண்டு சர்வர், ஐபி கேட்கும்போது மேக் முகவரியை நம்புவதில்லை. மெஷின்-ஐடி என்ற கோப்பிலிருந்து ஓர் அடையாளத்தை உருவாக்கி அனுப்புகிறது. அந்தக் கோப்பும் நகலோடு சேர்ந்தே வந்துவிட்டது. சுரங்க லைனில் எல்லா வீடும் ஒரே அச்சு. கதவு எண்ணும் ஒன்றாகிவிட்டால் தபால்காரர் என்ன செய்வார்?

ஆகவே நகலெடுக்குமுன் மூல விஎம்மின் அடையாளத்தை அழிக்க வேண்டும். இடிசி அடைவிலுள்ள மெஷின்-ஐடி கோப்பின் உள்ளடக்கத்தைக் காலி செய்ய வேண்டும். கோப்பை நீக்கக் கூடாது. காலியாக இருந்தால் அடுத்த முறை இயங்கும்போது புதிய எண் தானே பிறக்கும். வேறு கம்ப்யூட்டரிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் ஹோஸ்ட் சாவிகளையும் நீக்கிவிட்டு, உடனே ஷட்டவுன். இதற்குப் பிறகு மூலத்தை ஒருமுறை இயக்கினாலும் செய்ததெல்லாம் வீண். நேராக ப்ராக்ஸ்மாக்ஸில் அந்த விஎம் மீது வலது கிளிக் செய்து, டெம்ப்ளேட்டாக, அதாவது நகலுக்கான அச்சாக, மாற்றிவிட வேண்டும்.

டெம்ப்ளேட்டிலிருந்து எடுக்கும் க்ளோன் இரண்டு வகை. லிங்க்டு க்ளோன் சில நொடியில் தயார். மாற்றங்களை மட்டும் தனியே சேமிப்பதால் டிஸ்க் மிச்சமாகும். ஆனால் அது இருக்கும்வரை டெம்ப்ளேட்டை நீக்க முடியாது. ஃபுல் க்ளோன் முழு நகல், யாரையும் சார்ந்திராது. பயிற்சிக்கு முதல்வகை போதும். நிலைத்து ஓட வேண்டிய விஎம்முக்கு இரண்டாவதுதான் நல்லது.

க்ளோனை இயக்கியதும் கன்சோல் வழியாக நுழைய வேண்டும். சாவிகள் இல்லாததால் எஸ்எஸ்ஹெச் இன்னும் வேலை செய்யாது. எஸ்எஸ்ஹெச் சர்வர் பேக்கேஜை ரீகான்ஃபிகர் செய்தால் புதிய சாவிகள் உருவாகும். ஹோஸ்ட்நேமை மாற்றி, நெட்பிளான் கோப்பில் நிலையான ஐபி எழுதலாம். அந்தக் கோப்பில் வரியின் தொடக்க இடைவெளி பிசகினால் எதுவும் ஓடாது. டேப் கூடவே கூடாது. எழுதியதும் 'அப்ளை'க்குப் பதில் 'ட்ரை' கட்டளை கொடுப்பது உத்தமம்: 120 வினாடிக்குள் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும்.

கடைசியில் சோதனை. வெப் சர்வரிலிருந்து 10.10.10.20-க்குப் பிங் போக வேண்டும்; வீட்டு லேப்டாப்பிலிருந்து போகக் கூடாது. வெளியே இணையத்திலுள்ள ஓர் ஐபிக்குப் பிங் போய், இணையதளப் பெயருக்குப் போகவில்லை என்றால் கேபிளையும் பிரிட்ஜையும் நோண்ட வேண்டாம். டிஎன்எஸ் முகவரியை மட்டும் சரிபார்த்தால் போதும்.