கரியே தூண்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் கூரையைச் சுமப்பவை கற்றூண்கள். நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்திலோ, வெட்டாமல் விட்ட நிலக்கரியே தூண். அத்தூண்களையும் எடுத்தால் ஒரு டன்னுக்கான உற்பத்திச் செலவு குறையும். பாதை, காற்றோட்டம், நீரிறைப்பு ஆகியவற்றுக்கு முன்பே செலவிட்டாயிற்றே! ஆனால், கூரை சரியும். எனவே, தெலங்கானாவின் சிங்கரேணிச் சுரங்கங்களில் கோதாவரி மணலை நீருடன் கலந்து செலுத்தி வெற்றிடத்தை நிரப்பினர். ஆற்றுமணலின் அருமையை வைகைக்கரையினர்க்கு விளக்க வேண்டியதில்லை. பின்னர், திறந்தவெளிச் சுரங்கங்களில் அகற்றிய மேற்பாறையை நொறுக்கி மணலாக்கிப் பயன்படுத்தத் தொடங்கினர். இது நல்ல சிக்கனம்.

நீரைத் தடுத்துநிற்கும் கரிச்சுவரை மட்டும் வீணாய்க் கிடக்கும் சரக்காக எண்ணலாகாது. இன்றைய ஜார்க்கண்டிலுள்ள சாஸ்நாலாவில், 1975 டிசம்பர் 27 அன்று, கைவிடப்பட்ட பணியிடத்தில் தேங்கியிருந்த நீர் தடுப்பை உடைத்துப் பாய்ந்தது. 370க்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர்.