எஞ்சின் விளக்கு எரிந்தால் என்ன செய்வது?



நமது தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று லீசிங்குக்கு வேன் எடுத்து ஹயர் ஓடிப் பிழைக்கிறார்கள். வண்டி நின்றாலும் தவணை நிற்காது. ஆகவே டாஷ்போர்டில் எரியும் மஞ்சள் எஞ்சின் விளக்கைப் பற்றிச் சில விஷயங்களை இங்கே சொல்லித்தர விரும்புகிறோம்.

புதிய வண்டிகளில் எஞ்சினைக் கவனிக்க ஒரு சிறு கம்ப்யூட்டர் உண்டு. காற்று, எரிபொருள், சூடு, புகை எல்லாவற்றையும் சென்சர்கள் மூலம் அது பார்க்கும். கணக்கில் பிசகு கண்டால் விளக்கை எரியவிட்டு, ஒரு கோட் இலக்கத்தையும் பதிந்து வைக்கும். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மொடல் கார்களிலிருந்து ஒரே விதமான கோட் முறை கட்டாயமாக்கப்பட்டது. பிறகு மற்ற நாடுகளிலும் அது பரவியது. டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் 16 பின் சொக்கட்டில் ஸ்கேனரைச் செருகி கோட்டை வாசிக்கலாம்.

பி 0301 என்று வந்தால் எப்படி வாசிப்பது? 'பி' என்பது எஞ்சின், கியர் பகுதி. 0 என்பது எல்லாக் கம்பனிக்கும் பொதுவான கோட். 3 என்பது தீப்பொறி, எரிதல் சம்பந்தப்பட்டது. கடைசி 01 முதலாவது சிலிண்டர். அதாவது, முதலாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். நமக்குத் தெரிந்த தம்பி ஒருவருடைய வேனில் பி 0171 வந்தது. எரிபொருள் குறைவு, காற்று அதிகம் என்பது அதன் பொருள். ஒரு கராஜில் ஒக்சிஜன் சென்சரை மாற்றினார்கள். மூன்றாம் நாள் விளக்கு மறுபடி எரிந்தது. இன்னொரு சாமானையும் மாற்றினார்கள். அந்த மாதத் தவணைக் காசு அதோடு போய்விட்டது. கடைசியில் வயதான பாஸ் ஒருவர் பார்த்தபோது, எஞ்சினுக்குக் காற்றுப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தது! சென்சர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. அதையே பிடுங்கி எறிந்துவிட்டார்கள்.

காய்ச்சல் என்றால் காரணம் பல இருக்கலாம் அல்லவா? கோட்டும் அப்படித்தான். ஆகவே இவற்றை ஞாபகத்தில் வையுங்கள்:

1. கோட்டை அழிக்குமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அழித்தால் விளக்கு அணையும், பழுது அப்படியே இருக்கும்.

2. முதலில் காசு செலவில்லாததைப் பாருங்கள்: குழாய் வெடிப்பு, கழன்ற வயர், அழுக்கான எயார் பில்டர்.

3. சிலிண்டருக்கு ஒரு கொயில் உள்ள எஞ்சினில் பி 0301 வந்தால், எஞ்சினை நிறுத்தி, 1ஆம், 2ஆம் சிலிண்டர் கொயில்களை இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். கோட்டை அழித்து ஓட்டியதும் பி 0302 வந்தால் கொயில்தான் பழுது. 0301 திரும்ப வந்தால் பிளக், இன்ஜெக்டர் போன்றவற்றைப் பார்க்க வேண்டும்.

4. விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துங்கள். எரியாத பெற்றோல் புகைக்குழாயில் போய், விலை கூடிய கன்வேர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும்.

5. சிவப்பு ஒயில் விளக்கோ சூட்டு விளக்கோ எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். கோட் பார்ப்பதெல்லாம் பிறகு.

சாமான் மாற்றச் சொன்னால், "எதைச் சோதித்துப் பார்த்தீங்க பாஸ்?" என்று மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. உழைத்த காசு உங்களுடையது.